வராதவர்களின் வாத்தியக்காரன்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எந்த ர, எந்த ற எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாம் என்றால் அதற்கு இதைவிடத் துணிச்சல் வேண்டும். நாலு பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இப்படிப்பட்டவன் மலாக்காவில் பதினான்கு வருடம் ஒரு பேண்டு குழுவில் வாசித்தேன் என்றால் நம்ப மாட்டார்கள். வயலின், மண்டலின், பாஸ், டிரம் நாலும் வாசித்தேன். நாலில் ஒன்றுகூட என்னுடையது இல்லை.

பகலில் நான் கித்தா கிடங்கில், புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட்டைக் கட்டுகிறவன். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையில் புகை வாடை போகாது. குழுவின் தலைவர் ஜாலான் துக்காங் எமாஸில் தையல் கடை வைத்திருந்தார். துணி வெட்டுவதிலும் மாஸ்டர், அக்கார்டியனிலும் மாஸ்டர். நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை பகலில் கடையைச் சாத்தி, வெட்டுமேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒத்திகை நடத்துவார். நான் ஆரம்பத்தில் கேட்கத்தான் போனேன். கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசித்த பழக்கம் இருந்தது. ஒரு ஞாயிறு வயலின்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். "நீ சும்மாதானேலா நிக்கிறே, இதப் பிடி" என்று மாஸ்டர் அவருடைய வயலினை என்னிடம் கொடுத்தார். காய்ச்சல் மூன்று மாதம் நீடித்தது. எனக்கு வயலின் வந்துவிட்டது.

டிரம்காரர் சண்டை போட்டுக்கொண்டு வராமல் இருந்தபோது டிரம் படித்தேன். பாஸ்காரருக்குக் குழந்தை பிறந்தபோது பாஸ். மண்டலின்காரர் அரசாங்க ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவர் ஒத்திகைக்கு வந்த நாட்கள் குறைவு, அதனால் எனக்கு மண்டலின்தான் நன்றாக வரும். மாஸ்டர் மட்டும் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. அக்கார்டியன் எனக்கு இன்றுவரை தெரியாது.

குழுவில் ஒரு சட்டம் இருந்தது. வாத்தியம் யாருடையதோ இடம் அவருடையது. எவ்வளவு சுமாராக வாசித்தாலும் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் அவர் உட்காருவார், நான் எழுந்துவிடுவேன். யாரும் என்னை எழுந்திரு என்று சொன்னதில்லை. வாசலில் பெட்டியோடு அவர்கள் தலை தெரிந்ததுமே எழுந்துவிடுவது எனக்குப் பழகிப்போனது.

ஒருமுறை ஒரு பழைய மண்டலின் விற்பனைக்கு வந்தது. ஆசைப்பட்டு மாஸ்டரிடம் சொன்னேன்.

"வாங்கிட்டா என்ன ஆவே தெரியுமா? மண்டலின்காரன் ஆவே. இப்ப நீ யாரு? எல்லாம்! எல்லாமா இருக்கிறவன் எதுக்குலா ஒண்ணா ஆவணும்?"

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. காஜா பேராங்கில் இருந்த வீட்டுக்குச் சைக்கிளை வேகமாக மிதித்துப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஓசியில ஆள் கெடச்சா யாரு விடுவா?" என்றாள்.

மண்டலினை நான் வாங்கவில்லை.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம் வந்த சமயத்தில் எங்களுக்கு ஓய்வே இல்லை. எல்லாரும் விருந்து வைத்தார்கள், எல்லா விருந்துக்கும் பாட்டு வேண்டியிருந்தது. பண்டார் ஹிலிர் திடலில் ஒரு மாலை வாசித்தோம். பாஸ்காரருக்கு அன்று வயிற்றுப்போக்கு. ஆள் உயரம் இருந்த அந்தப் பாஸுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டேன். "ஒங்க கை மட்டும்தான் தெரிஞ்சிச்சு, மோதிரத்த வெச்சுக் கண்டுபிடிச்சேன்" என்றாள் மனைவி. உண்மையைச் சொன்னால், எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

நான் சொல்ல வந்த பாட்டை அடுத்த வருடம் போட்டேன். போட்டேன் என்று எழுதுவதற்கே கை தயங்குகிறது. சைக்கிளில் வேலைக்குப் போகும்போது மெட்டு தானாக வந்தது. ஆரம்பத்தில் மூன்று சுரம் படிப்படியாக ஏறும், யாரோ வருகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதுபோல. நாலாவது சட்டென்று கீழே இறங்கிவிடும். வந்தது எதிர்பார்த்த ஆள் இல்லை. பாட்டு முழுக்க அந்த இறக்கத்தில்தான் இருந்தது. எங்கள் பாடகர் என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்த மலாக்கா செட்டி, பல தலைமுறையாக அங்கேயே ஊறிய தமிழ் வம்சம். வீட்டில் மலாய்தான் பேசுவார். தமிழ்ப் பாட்டை ரோமன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவார். அவரிடம் மெட்டை முனகிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, படகுத்துறையில் ஒருத்தி காத்திருப்பதுபோல மலாயில் வரிகள் எழுதினார்.

எனக்கு இசையை எழுதத் தெரியாது. அதனால் வயலின் பகுதியை வயலினில் வாசித்துக் காட்டினேன், பாஸ் பகுதியைப் பாஸில், டிரம்மை டிரம்மில். மண்டலினுக்குக் காட்ட ஆள் இல்லை. கிராணி வழக்கம்போல வரவில்லை. ஒத்திகை எல்லாவற்றிலும் அந்த ஆரம்பத்தை மண்டலினில் நானே வாசித்தேன்.

சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு இசைத்தட்டு போடலாம் என்றது. போகிற நாளில் விடிகாலை பஸ் நிலையத்துக்குப் போனபோது, எல்லாருக்கும் முன்னால் டை கட்டிக்கொண்டு மண்டலினோடு கிராணி நின்றிருந்தார். வயலின்காரர் வந்தார். பாஸ், டிரம் எல்லாம் வந்தது. பதினான்கு வருடத்தில் ஒருவர்கூடக் குறையாமல் வந்த நாள் அதுதான்.

"நீயும் ஏறுலா, பாஸத் தூக்க ஆள் வேணும்" என்றார் மாஸ்டர்.

ஒலிப்பதிவு அறையில் ஒரே ஒரு மைக். அதைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் அடையாளம் போட்டு நாற்காலிகள் வைத்திருந்தார்கள். சத்தம் பதிவாகும் என்று காற்றாடியை நிறுத்திவிட்டார்கள். நான் கதவோரம் காலிப் பெட்டிகளோடு நின்றேன்.

முதல் முயற்சியிலேயே கிராணி ஆரம்பத்தில் தடுமாறினார். சீனரான கம்பெனிக்காரர் நிறுத்தச் சொல்லி, அந்த இடம் எப்படி வர வேண்டும் என்று மலாயில் கேட்டார். மாஸ்டர் மோவாயால் என்னைக் காட்டினார். நான் மண்டலினை வாங்கி, நின்றபடியே வாசித்தேன். ஏறி, ஏறி, ஏறி, இறங்கியது.

"இவரே வாசிக்கட்டுமே" என்றார் கம்பெனிக்காரர்.

கிராணி உடனே எழுந்துவிட்டார். அவர் நல்ல மனிதர், நான் பொய் எழுதக் கூடாது. "அண்ணே, நீங்களே ஒக்காருங்கண்ணே. எனக்கு அந்த எடம் வரமாட்டேங்குது."

நாற்காலி காலியாக இருந்தது. நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் அக்கார்டியன் கட்டைகளைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, "அவன் வாத்தியம், அவன் எடம். அதுக்கு மேல ஒன் இஷ்டம்லா" என்றார்.

என் இஷ்டம். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"இல்ல தம்பி, ஒன் வாத்தியம். நீயே வாசி" என்று மண்டலினைத் திருப்பிக் கொடுத்தேன்.

அண்ணனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று கிராணி இன்றைக்கும் பார்க்கிறவர்களிடம் சொல்கிறார். மனசாவது மண்ணாவது. பயம். அந்த மைக்கையும் அத்தனை கண்களையும் பார்த்துப் பயம். பத்து வருடமாக நான் திட்டுவது மாஸ்டரைத்தான். ஆனால் நாற்காலியை விட்டவன் நான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்று சுரம் ஏறியது. நாலாவதும் ஏறியது. வயலின்காரர் பதறிப்போய் கிராணிக்குப் பின்னாலேயே ஏறிவிட்டார். பாடகர் ஒரு நொடி என்னைப் பார்த்தார், பிறகு அவரும் அந்தப் பக்கமே போனார். முடிந்ததும் கம்பெனிக்காரர் கை தட்டினார். தப்பு என்று சொல்ல நான் கையை மார்பு வரைக்கும் தூக்கி, பிறகு கழுத்தைச் சொறிந்துகொண்டேன். இன்னொரு தடவை பதிவு செய்தார்கள். பாதியில் பாடகருக்கு இருமல் வந்துவிட்டது. வெளியே வேறு குழு காத்திருந்தது. முதல் பதிவே போதும் என்றார்கள்.

தட்டு வந்தபோது அதில் இசை என்ற இடத்தில் மாஸ்டர் பெயர் இருந்தது. எப்படியோ துணிந்து கேட்டேன்.

"சட்டைய யாரு தெச்சாலும் காலர்ல கடைப் பேருதானேலா இருக்கும்?" என்றார். அவருக்கு அது நியாயமாகவே பட்டிருக்க வேண்டும். கோபப்படவில்லை, தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

தட்டு நன்றாக விற்றது. காத்திருக்கிறவளின் பாட்டு, இறக்கம் போனதும் குதூகலப் பாட்டாக மாறிவிட்டது. கல்யாணங்களில் அதைப் போட்டால் பெரியவர்களே எழுந்து ஆடினார்கள். நான் போட்டபடி வந்திருந்தால் இவ்வளவு பேர் கேட்டிருப்பார்களா என்றும் நினைப்பேன். அந்த நினைப்புதான் எல்லாவற்றிலும் கசப்பு.

பிறகு ஒரு கல்யாணத்துக்குக் கிராணி வரவில்லை. நான் மண்டலினோடு உட்கார்ந்து, சரியான சுரத்தை வாசித்தேன். பெண்ணின் மாமா மேடைக்கே வந்துவிட்டார்.

"ஏன்யா, தட்டு வாங்கிக் கேக்கலயா? நல்ல பாட்டப் போட்டுக் கொல்றியே!"

"மன்னிச்சுக்குங்க ஐயா" என்று சொல்லி, மறுபடி ஆரம்பத்திலிருந்து தப்பாக வாசித்தேன். கை தட்டினார்கள். அதன் பிறகு குழு கலையும்வரை தப்பாகவே வாசித்தேன்.

இப்போது எங்களைப் போன்ற குழுக்களை யாரும் கூப்பிடுவதில்லை. எல்லாம் மின்சாரக் கித்தார். போன மாதம் கிளேபாங்கில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நானும் மனைவியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கித்தார் குழு அந்தப் பாட்டை எடுத்தது. நாலாவது சுரம் ஏறியது. எனக்கு என்ன வந்ததோ, இலையை விட்டு எழுந்து, கை கழுவி, மேடையருகே போய்விட்டேன்.

"தம்பி, அந்த ஆரம்பத்துல நாலாவது எடம்... அது எறங்கணும்."

கித்தார் வைத்திருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார். "தட்டுல ஏறுது அங்கிள். முப்பது தடவ கேட்டுப் படிச்சது."

"தட்டுல தப்பு."

பின்னால் டிரம்காரர் சிரித்தார். "தட்டு தப்பாம்லா! அங்கிள் என்ன வாசிப்பீங்க?"

அந்தப் பாட்டு நான் போட்டது என்று சொல்லப் போனேன். பந்தலே திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது. "யாராச்சும் வரலன்னா வாசிப்பேன்" என்று வாயில் வந்தது.

"எல்லாரும் வந்துட்டோம் அங்கிள்" என்றார் அவர். மேடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

மனைவி வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல், "சொல்லத்தான் வாய் வரல, எழுதவாச்சும் செய்யுங்க" என்றாள். பள்ளி நோட்டு ஒன்று வாங்கி வந்ததும் அவள்தான். நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இவ்வளவு எழுதினேன். இன்று மத்தியானம் அவளிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்தாள், இரண்டு இடத்தில் றகரத்தைத் திருத்தினாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய்த் தேடினாள்.

"இதுலயும் ஒங்க பேரக் காணோமே?"

பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றாள். கடைசிப் பக்கத்தின் அடியில் நிறைய இடம் இருந்தது. அங்கே தேதியை எழுதினேன்.

9.6.1968, ஞாயிற்றுக்கிழமை.