ஊசி இருந்த இடத்தில் வாள்

என் கணவர் நீர்ப்பாசனக் கந்தோரில் படம் வரைபவராக இருந்தார். பகல் முழுக்க வாய்க்காலும் மதகும் அணைக்கட்டும் வரைந்துவிட்டு வீட்டுக்கு வருவார். தேத்தண்ணி குடித்த கையோடு குசினிக்குப் பின்னால் சரிவாக இறக்கியிருந்த சாய்ப்புக்குள் போய்க் குந்திவிடுவார். அங்கேதான் அவருடைய பொழுதுபோக்கு இருந்தது. லாடம்போல வளைந்த ஓர் இரும்புச் சட்டம். அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவில் நூலைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு வாள். மெல்லிய பலகையில் தானே கீறிய பூவையும் கொடியையும் எட்டுமூலை நட்சத்திரத்தையும் அந்த வாளால் வளைத்து வளைத்து அறுத்தெடுப்பார். பூவுக்கு நடுவில் ஓட்டை வேண்டுமென்றால் முதலில் சின்னத் துளை போட்டு, வாளின் ஒரு முனையைக் கழற்றி, துளைக்குள்ளால் விட்டு, திரும்ப மாட்டி அறுக்க வேண்டும். ஒரு சாண் பலகைக்கு எத்தனை தரம் கழற்றி மாட்டுவாரோ, எனக்குப் பார்க்கவே கை உளையும்.

நான் தையல்காரி. அதே சாய்ப்பின் மறுபக்கத்தில் என்னுடைய மிதி மெசின் இருந்தது. சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பில் பாதி அதில் தைத்ததுதான். "புருசன் பலகையத் தைக்கிறான், பொஞ்சாதி சீலையத் தைக்கிறாள். எனக்குச் சோறு தாறத்துக்கு ஆரும் இல்ல" என்று மாமி, என் கணவரின் உம்மா, சிரிப்பார்.

கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில் இல்லை. தைத்து முடித்த உடுப்புகளைக் கொடுப்பதற்காகப் பெரிய றோட்டுக்கு மேற்கே போயிருந்தேன். என்ன நடந்தது என்பதைப் பிறகு அவர் சொல்லித்தான் அறிந்தேன். நாலு வயது மகளை இடக்கையில் அணைத்துக்கொண்டு, வலக்கையால் அடுத்த வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கிறார். இரண்டாவது அலையில் அந்த வீட்டின் மதில் சரிந்து, கம்பியைப் பிடித்திருந்த கைமேல் விழுந்திருக்கிறது. அவர் கம்பியை விடவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு ஆட்கள் வந்து கல்லைப் புரட்டித்தான் கையை எடுத்தார்கள். மகளுக்குக் காலில் ஒரு கீறல் மட்டும்தான். வீட்டிலிருந்த மாமியை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. ஜனாஸாவைப் பிறகுதான் கண்டெடுத்தோம்.

ஆஸ்பத்திரியில் எலும்பைப் பொருத்தினார்கள். ஆனால் பெருவிரலும் அடுத்த விரலும் மட்டுமே கொஞ்சம் வளைந்தன. மற்ற மூன்றும் குச்சிபோல நின்றன. கந்தோரில் அவரைப் படம் வரைகிற மேசையிலிருந்து கோப்புகள் அடுக்குகிற அறைக்கு மாற்றினார்கள். அதற்கு அவர் முகம் சுளித்ததை நான் காணவில்லை. ஆராவது கையைப் பார்த்து அனுதாபப்பட்டால், "அல்ஹம்துலில்லாஹ், புள்ள இரிக்கி" என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவார்.

நாங்கள் அப்போது தகரக் கொட்டிலில் இருந்தோம். கடற்கரையோரம் திரும்ப வீடு கட்டவும் அனுமதி இல்லை. கந்தோர் விட்டு வந்தால் அவர் கொட்டில் வாசலில் இருந்து இடக்கையால் வலக்கை விரல்களை நீவிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் எங்கிருந்தோ ஒரு வாள்சட்டம் வாங்கிவந்து இடக்கையால் அறுத்துப் பார்த்தார். வாள் முறிந்தது. இன்னொன்றை மாட்டினார், அதுவும் முறிந்தது. சட்டத்தைக் கூரைக் கம்பில் கொழுவிவிட்டு, "இனி இது எனக்கில்ல புள்ள" என்றார். அன்றைக்கு நான் அழுதேன். மாமியின் மௌத்துக்குப் பிறகு அப்படி அழுதது அன்றுதான்.

வீட்டுக் கல்லும் மண்ணும் அள்ளும்போது என் பழைய மெசின் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. உதவிக்கு வந்தவர்கள் எனக்குப் புது மெசின் ஒன்று தந்திருந்தார்கள். இருந்தாலும் பழையதை விட மனம் வரவில்லை. தலைப்பகுதியைச் சாக்கில் கட்டி, கல்முனைச் சந்தைப் பக்கம் மெசின் திருத்துகிறவரிடம் கொண்டுபோனேன். அவர் திருக்கோவில் ஆள், தமிழர். கடை அறையிலேயே தங்கி, வாரம் முடிய ஊருக்குப் போவார். நான் தைக்கத் தொடங்கிய காலம் தொட்டு அவர்தான் என் மெசினுக்கு வைத்தியர். அவருடைய கடைக்குள்ளும் தண்ணீர் வந்திருந்தது. மெசின் தலையை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உப்பும் துருவும் சுரண்டி, அடுத்த கிழமை வரச் சொன்னார்.

போனபோது கையை விரித்தார். "தங்கச்சி, இது இனித் தைக்காது. கீழ இருக்கிற சாமான் எல்லாம் உப்புத் திண்டிட்டு. நூலைப் பிடிக்க ஒண்டும் இல்ல. ஊசி மட்டும் மேலயும் கீழயும் போகும், அவ்வளவுதான்."

சில்லைக் கையால் சுற்றிக் காட்டினார். ஊசி போய் வந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணன், ஊசி போற இடத்துல ஒரு வாள மாட்டினா?"

"என்ன வாள்?"

கையால் காட்டினேன், சொன்னேன், கடைசியில் அவருடைய மேசையிலிருந்த பென்சிலால் கீறியும் காட்டினேன். என் கணவரின் கையைப் பற்றியும் சொன்னேன். காலால் மிதித்தால் வாள் தானாக ஓடும், இரண்டு கையையும் பலகைக்கு மேலே விரித்து வைத்தால் போதும், விரல் மடங்கத் தேவையில்லை என்றேன். அவர் சில்லைத் திரும்பவும் சுற்றிப் பார்த்தார். பிறகு, "வாள் வளையாம இருக்கக் கீழ இழுத்துப் பிடிக்க ஒரு சுருள் கம்பி போடவேணும்" என்றார். எனக்குச் சொன்னாரா தனக்குச் சொன்னாரா தெரியாது. "வாள் துண்டு ஒண்டு கொண்டு வாங்க. பாப்பம்."

அவர் அதை எப்படிச் செய்து முடித்தார் என்பது எனக்கு இன்றைக்கும் முழுதாக விளங்காது. மிதியும் பெரிய சில்லும் பழையதுதான், பிறகு நான் கொண்டுபோய்க் கொடுத்தவை. ஊசி இருந்த இடத்தில் வாளின் மேல்முனை. கீழ்முனையை ஒரு சுருள் கம்பி இழுத்துப் பிடித்தது. முச்சில்லு வண்டியில் அதை ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டிலில் இறக்கினேன்.

என் கணவர் சுற்றி வந்து பார்த்தார். "என்னத்துக்கு இந்த வேலையெல்லாம்?" என்றார். கோபமில்லை. ஆனால் தொடவும் இல்லை. நாட்கள் போயின. அதன்மேல் உடுப்பு மடித்து வைக்கத் தொடங்கிவிட்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் பாயில் சாய்ந்திருந்தபோது, நானே உடுப்புகளை எடுத்து வைத்துவிட்டு மெசினில் இருந்தேன். நிவாரணச் சாமான் வந்த பெட்டியின் பிளைவூட் துண்டில் ஒரு மாவிலையைக் கீறி வெட்டத் தொடங்கினேன். தந்திரம் என்று நினைக்க வேண்டாம். எனக்கு உண்மையாகவே ஆசையாக இருந்தது. மிதிப்பது எனக்குப் பழக்கம். பலகையைத் திருப்பத்தான் தெரியவில்லை.

"கோட்டுக்கு வெளியால போகுது" என்றது பாயிலிருந்து ஒரு குரல்.

"போனாப் போகட்டும், மச்சான்."

"தள்ளாத. பலகைய வாள் தன்ர பாட்டுக்குத் திங்கட்டும்."

"இப்ப?"

"இப்பயும் வெளியாலதான். இது இலையா, அட்டையா?"

நான் சிரித்துவிட்டேன். வாள் முறிந்தது. அவர் எழுந்து வந்து, "எழும்பு புள்ள" என்றார்.

வாளை நான்தான் மாட்டினேன். அவர் இருந்து வலக்கையைப் பலகைமேல் வைத்தார். நீட்டி நின்ற அந்த மூன்று விரல்களும் பலகையை அமுக்கிப் பிடிக்கச் சரியாகவே இருந்தன. ஆனால் கால் பழகவில்லை. சில்லு பின்பக்கம் ஓடியது, நின்றது, திரும்ப ஓடியது. நான் நிலத்தில் குந்தி அவருடைய பாதங்களைப் பிடித்து, குதியால் ஒரு தரம், முன்காலால் ஒரு தரம் என்று தொட்டில் ஆட்டுவதுபோல அமுக்கிக் கொடுத்தேன். மகள் அதைப் பார்த்துவிட்டு, "வாப்பாவுக்கு உம்மா நடக்கப் பழக்குறா" என்று பக்கத்துக் கொட்டிலுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

முதலில் உருப்படியாக வந்தது ஓர் எட்டுமூலைப் பூ. ஓரமெல்லாம் பிசிறு. தகரச் சுவரில் வெயில் வருகிற ஓட்டைக்கு முன்னால் அதைக் கட்டித் தொங்கவிட்டோம். காலையில் பாயின்மேல் வெயில் பூவாக விழுந்தது.

யுத்தம் திரும்பத் தொடங்கிய காலத்தில், கையைக் காட்டக் கொழும்புக்குப் போனோம். வாள்கள் எங்கள் பக்கம் கிடைப்பதில்லை. ஆகவே புறக்கோட்டையில் தேடி ஒரு கட்டு வாங்கி என் பையில் வைத்தேன். திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கினார்கள். பையைத் திறந்த ஆமிப் பெண்பிள்ளை, கம்பியால் சுற்றிய அந்தக் கட்டை எடுத்துப் பார்த்தாள். பல்லுள்ள மெல்லிய கம்பிகள். அவளுக்கு என்னவென்று விளங்கவில்லை. எனக்குச் சிங்களம் வராது.

என் கணவருக்குக் கந்தோரால் கொஞ்சம் சிங்களம் தெரியும். ஆண்கள் வரிசையிலிருந்து அனுமதி கேட்டு வந்து, பலகை வெட்டுகிற வாள் என்று சொன்னார். அவள் நம்பவில்லை. இவ்வளவு மெல்லிசாக வாள் இருக்குமா என்று கேட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பலா இலையை எடுத்தார். விரலுக்கு உயிர் வருகிறது என்று டொக்டருக்குக் காட்டுவதற்காகப் பலகையில் வெட்டிக் கொண்டுபோனது, நரம்பெல்லாம் ஓட்டையாக. அவள் அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு அவருடைய கையைப் பார்த்து, இந்தக் கையாலா என்று கேட்டாள். ஓம் என்றார். சுனாமியா என்றாள். அதற்கும் ஓம் என்றார். வாள்கட்டைத் திரும்பவும் கம்பியால் ஒழுங்காகச் சுற்றி, என் உடுப்புகளுக்கு நடுவில் அவளே பத்திரமாக வைத்தாள். இலையை அவருடைய கையில் கொடுத்துவிட்டு ஏதோ சொன்னாள். பஸ்ஸில் ஏறிய பிறகு அவர் சொன்னார், அவளுடைய மாமனாரும் காலி ஊர்ப் பக்கத்தில் கடலோடு போனவராம். அந்தப் பிள்ளைக்கு நான் இப்போதும் துஆ கேட்கிறேன்.

யுத்தம் முடிந்த பிறகுதான் எங்களுக்கு வீடு கிடைத்தது, வயல் நிரப்பிக் கட்டிய வரிசையில். கதவுகளுக்கு மேலே காற்றுக்காக ஒரு சதுரத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். பூனையும் வௌவாலும் வந்தன. என் கணவர் அதை அளந்தார். மெசினின் கழுத்து கட்டை, பெரிய பலகையைத் திருப்ப முடியாது. அதனால் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, ஒரு சட்டத்துக்குள் பொருத்தினார். கோடு எல்லாம் ஒன்றுக்கொன்று தொட்டு ஒரே கொடியாக நின்றது. அவர் வரைந்த வாய்க்கால் படங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. அடுத்த வீட்டார் கேட்டார்கள், அதற்கடுத்த வீட்டாரும் கேட்டார்கள். ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு கொடி. அதில் ஒன்றையும் திரும்ப வெட்ட மாட்டார்.

மெசின் திருத்துகிற அண்ணனின் கடை அந்த நாட்களில் பூட்டியிருந்தது. அவருடைய மனைவியின் தங்கை வன்னியில் இருந்தவர். யுத்தத்தின் கடைசி மாதங்களில் எந்தச் செய்தியும் இல்லை. பிறகு, தங்கையும் இரண்டு மகள்மாரும் முகாமில் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. தங்கையின் கணவர் இல்லை. அவர்களை எடுத்துவர அண்ணன் நெடுநாள் அலைந்தார். கூட்டிவந்து சேர்த்த பிறகுதான் கடையைத் திறந்தார் என்று கேள்விப்பட்டு, பார்க்கப் போனோம். மெலிந்திருந்தார்.

"வீட்டோட ஒரு அறை இறக்கிக் கட்டுறன் தம்பி, அவங்களுக்கு" என்றார். "கதவுக்கு மேல போட ஒண்டு வெட்டித் தருவீங்களா? மயில் வெட்டினா நல்லம். எங்கட முருகன்ட மயில்."

என் கணவர் தடுமாறினார். "அண்ணன், நீங்க கேட்டு நான் ஏலாதெண்டு சொல்லக் கூடா. ஆனா உயிருள்ளத உருவமா வெட்ட எங்களுக்கு மனம் வராது. என்ன செய்ற?"

அண்ணன் யோசித்தார். "தோகை மட்டும்?"

"தோகையெண்டா வெட்டலாம். தோகைக்கு உயிரில்லையே!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அண்ணன் அன்றைக்குச் சிரித்ததைப் பார்த்தது எனக்கு நிம்மதியாக இருந்தது.

தோகைக்காக என் கணவர் பலாப் பலகை தேடி எடுத்தார். கண் கண்ணாக, பீலி பீலியாக, அவர் வெட்டியதில் இதுதான் மெல்லிசு. பொருத்துவதற்கு நாங்கள் இருவரும் மகளும் பஸ்ஸில் திருக்கோவிலுக்குப் போனோம். அண்ணன் ஏணியில் ஏறினார், என் கணவர் கீழே நின்று நேர் பார்த்துச் சொன்னார். ஆணி அடித்து முடிந்ததும் முகாமிலிருந்து வந்த அந்தத் தங்கை அறைக்குள்ளிருந்து வந்து அண்ணாந்து பார்த்தார். நாங்கள் போன நேரம் தொட்டு ஒரு வார்த்தை கதைக்காதவர்.

"மயில் எங்க அத்தான்?" என்று கேட்டார்.

"இரை தேடப் போயிட்டு" என்றார் அண்ணன் ஏணியில் இருந்தபடியே. "தோகைய நம்மளிட்டத் தந்திட்டுப் போயிருக்கு, பாத்துக்கொள்ளச் சொல்லி."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணனின் மனைவி குசினியிலிருந்து ஓடிவந்து தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவே இல்லை.

பிறகு, "வாங்க, சாப்பிடுவம். உங்களுக்கெண்டு இறைச்சி இல்லாம மீன் மட்டும்தான் காய்ச்சின, யோசிக்காமச் சாப்பிடுங்க" என்றார். பாரைக்குழம்பு. என் கணவர் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் என் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். என் கணவர் ஜன்னலோரம் இருந்து, தேக்கை விடப் பலா ஏன் வாளுக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அக்கரைப்பற்று தாண்டியும் கதை முடியவில்லை. அதில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.