ஜெய்காவ் சுவருக்கு இந்தப் பக்கம்

செவ்வாய், மாலை ஐந்து மணி. காடாம்புலியூர் நிறுத்தத்தில் சென்னைப் பேருந்துக்காக நின்றபோது மாமா கேட்டார்: "மச்சான், ஓட்டு அட்டையும் எடுத்துக்கட்டா?"

"ஆதார் போதும் மாமா. நான் எல்லாம் படிச்சிப் பாத்துட்டுத்தான சொல்றேன். அத வேற தொலச்சிடாதீங்க."

படித்தவன் சொன்னால் சரிதான் என்று, வழியனுப்ப வந்த அக்காவிடம் அட்டையைக் கொடுத்துவிட்டார்.

மாமா என் அக்காவின் கணவர். பண்ருட்டி மண்டியில் பலாப்பழம் ஏற்றுகிறவர். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி வாசல் மிதித்தவன் நான். சிதம்பரத்தில் மூன்று வருடம் என்னைப் படிக்கவைத்தது அவர் தோள். ஒரு காலத்தில் துபாய்க்குக் கிளம்பி, ஏஜெண்ட் கொடுத்த விசா போலி என்று மீனம்பாக்கத்திலிருந்து திரும்பி வந்தவர். அன்று முதல் ஊரில் அவர் பெயர் 'ஏர்போர்ட்டு'. வேலை கிடைத்ததும் நான் செய்ய நினைத்தது ஒன்றுதான்: அவரை ஒரு வெளிநாட்டு மண்ணில் நிற்க வைப்பது. எனக்குப் பாஸ்போர்ட் உண்டு, அவருக்கு இல்லை. பாஸ்போர்ட் இல்லாமலும் இந்தியர்கள் போகக்கூடிய பூட்டானைத் தேர்ந்தெடுத்தேன்.

வெள்ளி மாலை. ரயிலில் இரண்டு இரவு கழித்து, மேற்கு வங்கத்து ஹாசிமாராவிலிருந்து எல்லை ஊரான ஜெய்காவுக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர் ஜீப்பில், தலைக்கு அறுபது ரூபாய். இருபுறமும் தேயிலைத் தோட்டம். ஓட்டுநர் இந்தியில் என்ன கேட்டாலும் மாமா, "கடலூரு, கடலூரு" என்றார். "ஊருக்குப் போயி அந்த டீக்கடையில ஒக்காருறேன் பாரு. எவன் இனிமே ஏர்போர்ட்டுங்கிறான்?"

சனி, காலை ஒன்பது. நம் ஜெய்காவும் பூட்டானின் புன்சோலிங்கும் ஒரே ஊர் போலத்தான் தெரிந்தன. நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் ஹாரன், தூசி, வெங்காய மூட்டைகள். அந்தப் பக்கம் வண்ணம் தீட்டிய ஜன்னல்கள். நடந்து போகிறவர்களுக்குத் தனி வாசல். மாமா புதுச்சட்டை போட்டிருந்தார்.

வாசலில் பூட்டான் அதிகாரி அவருடைய ஆதாரைப் பார்த்து, ஆங்கிலத்தில் மிகப் பணிவாகச் சொன்னார்: வாக்காளர் அட்டை அல்லது பாஸ்போர்ட். இது செல்லாது.

அக்காவுக்குப் போன் செய்தேன். பத்து நிமிடத்தில் அட்டையின் படம் வந்தது. அதிகாரி தலையசைத்தார். அசல் வேண்டும்.

"ஏர்போர்ட்ல திட்டி அனுப்புனான்" என்றார் மாமா. "இவன் சிரிச்சிகிட்டே அனுப்புறான்."

"நானும் போவல மாமா."

"இவ்ளோ தூரம் வந்துட்டு? போய் எனக்கும் சேத்துப் பாத்துட்டு வா."

போனேன். ஒன்றரை மணி நேரம். அங்கே வண்டிகள் ஹாரன் அடிப்பதில்லை. கோடு போட்ட இடத்தில் கால் வைத்தால் கார் நிற்கிறது. ஆண்கள் முழங்கால்வரை அங்கி அணிந்து வேலைக்குப் போகிறார்கள். பூங்கா நடுவே ஒரு புத்தர் கோயில், கையால் சுழற்றும் பிரார்த்தனைச் சக்கரங்கள். டீ இருபது ரூபாய். நம் நோட்டை வாங்கிக்கொண்டார்கள். கடைக் கடிகாரம் நம் நேரத்துக்கு அரைமணி முன்னே ஓடியது. எல்லாம் அழகு. பாதி டீயை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

திரும்பி வந்தபோது மாமா தோளில் வெங்காய மூட்டை. அந்தப் பக்கத்திலிருந்து சந்தைக்கு வந்த ஒரு பூட்டான் பெண்மணி தூக்க முடியாமல் நிற்க, சும்மா நின்றவர் வாங்கிக்கொண்டாராம். வாசல்வரை சுமந்து இறக்கிவைத்தார். அவள் ஆளை வைத்து உள்ளே எடுத்துப் போனாள். வெங்காயத்திடம் யாரும் அட்டை கேட்கவில்லை.

"அங்க வெயிலு எப்பிடி?" என்றார்.

"இங்க மாதிரிதான் மாமா."

"அப்ப சரி."

புதன், காலை ஏழு. காடாம்புலியூர் டீக்கடை. கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "என்னா ஏர்போர்ட்டு, பூட்டான் எப்பிடி இருக்கு?"

"மச்சான் போயிட்டு வந்தான். நான் கேட்டோட நின்னுட்டேன்."

"அங்கயும் தொரத்திட்டானா! படிச்ச புள்ளயக் கூட்டிகிட்டுப் போயுமா?"

"அவன் என்னா பண்ணுவான்? ஓட்டு அட்டைய எடு, எடுன்னு தலபாடா அடிச்சிகிட்டான். நாந்தான் மறந்துட்டேன்."

கடை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். நான் டீ ஆறும்வரை கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூட்டான் போக நினைப்பவர்கள் வாக்காளர் அட்டையின் அசலை எடுத்துச் செல்லுங்கள். ஆதார் செல்லாது. அட்டையை மாமா மறக்கவில்லை. எடுத்துக்கொள்ளவா என்று கேட்டார். வேண்டாம் என்றவன் நான்.