சாமியை நிறுத்திய மாத்திரை

வீடு வீடாக மாத்திரை கொடுக்கும் வேலையில் மலை ஏறுவது கஷ்டமே இல்லை; ஏறிப் போன பிறகு "எனக்குத்தான் ஒன்னும் இல்லியே" என்பவரை விழுங்க வைப்பதுதான் கஷ்டம். வீட்டுப் பெரியவர்களுக்கு மாத்திரை கொடுத்து அலுத்துப் போன உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதூர்நாட்டுப் பக்கம் ஏழு ஊர்கள் என் பொறுப்பு. பிரஷர், சுகர், வலிப்பு என்று எல்லாவற்றுக்கும் என் தோள்பையில் மாத்திரை இருக்கும்.

ரேஷன் கடைச் சாவி

ரேஷன் கடை வரிசையில் நின்ற காசியம்மா, எழுபது வயது, திடீரென்று விழுந்தார். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. "இரும்பு குடுங்க, இரும்பு!" என்று வரிசையே கத்தியது. கடைக்காரர் சாவிக்கொத்தைக் கொடுக்க, அதைக் காசியம்மா கையில் திணித்தார்கள். நான் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் என் பையை வைத்து, யாரும் வாயில் எதையும் திணிக்காமல் பார்த்துக்கொண்டேன். இரண்டு நிமிடத்தில் தானாக நின்றது. இரும்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தொண்டை வறள விளக்கினேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ சும்மா பக்கத்துல ஒக்காந்துதானம்மா இருந்த, நிறுத்துனது என் சாவி."

குறி கேட்ட கூட்டம்

சடையன் ஐயா பக்கவாதம் வந்து பிழைத்தவர். பேச்சு குழறும். அவர் ஒரு வார்த்தை முடிப்பதற்குள் கேட்பவருக்குப் பொறுமை போய்விடும். மெல்ல மெல்ல எல்லோரும் வருவதை விட்டார்கள். மகனுக்குக் குடகில் காப்பித் தோட்ட வேலை. வீட்டில் மருமகள் பொன்னி மட்டும்.

ஒரு நாள் போனால் வாசலில் இருபது பேர். நடுவில் ஐயா. கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்க, வாய் எதையோ மென்றபடி இருக்க, கை வேட்டியைப் பிசைந்துகொண்டிருந்தது. சாமி வந்திருக்கிறதாம். தெளியும்போது அவர் உளறிய நாலு வார்த்தையை வைத்து, சாமை எப்போது விதைப்பது என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்குச் சந்தேகம் தட்டியது. நானும் பொன்னியும் ஜீப் பிடித்து அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். வயதானவர்களுக்கு வலிப்பு இப்படி வெறித்துப் பார்க்கிற மாதிரியும் வரும் என்று சொல்லி, காலை மாலை ஒரு மாத்திரை எழுதினார் டாக்டர். திரும்பி வந்து வீட்டருகே இறங்கும்போது ஐயா கேட்டார்: "அப்ப சாமி இனிமே வராதாம்மா?"

காலி அட்டை

மாத்திரை வேலை செய்தது. மூன்று மாதம் ஒரு முறைகூட வலிப்பு வரவில்லை. வாசலும் வெறிச்சென்று ஆனது. காலி அட்டையைக் காட்டினால்தான் புது அட்டை என்பது நான் வைத்த சட்டம். ஐயா நூலில் கட்டி வைத்திருந்து நீட்டுவார். அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதமும் அப்படியே நீட்டினார். மற்ற ஊர்களில் அவரைத்தான் உதாரணம் காட்டினேன். கடைசியாகப் போனபோது இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்ததால், நின்றபடியே விசாரித்து நின்றபடியே கிளம்பினேன். ஐயா குழறிச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "நல்லாத்தாம்மா கீறேன், கொஞ்சம் ஒக்காந்துட்டுப் போயேன்."

சாமி படத்துக்குப் பின்னால்

அடுத்த வாரம் காலையில், ஓடையில் முகம் கழுவக் குனிந்தவருக்கு வலிப்பு வந்திருக்கிறது. முழங்கால் அளவுத் தண்ணீர்தான். நான் போனபோது அடக்கம் முடிந்திருந்தது.

பொன்னி ஒரு சொம்பைக் கொண்டுவந்து என் முன் கவிழ்த்தாள். சாமி படத்துக்குப் பின்னால் இருந்ததாம். எல்லாம் கடைசி இரண்டு மாதத்து மாத்திரைகள். பிதுக்கி எடுத்துச் சொம்பில் போட்டுவிட்டு, அட்டையை மட்டும் எனக்கென்று கட்டி வைத்திருக்கிறார். நான் உதாரணம் காட்டித் திரிந்த நாட்களில் சாமி திரும்பவும் வந்திருக்கிறது, கூட்டமும் வந்திருக்கிறது. என்னிடம் சொல்ல வேண்டாமென்று எல்லோரையும் கெஞ்சினாராம். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் என் மேல்தான். மாத்திரைகளைப் பொறுக்கியபடியே பொன்னி சொன்னாள்: "மாத்திர போட்டா சாமி வர்றதில்ல, சாமி வராட்டி மனுசங்க வர்றதில்லன்னாருங்க. இதே வூட்ல இருந்த நானாச்சும் சும்மா ஒரு நா பக்கத்துல ஒக்காந்திருந்தா, முழுங்கியிருப்பாருங்க."

இப்போதெல்லாம் நான் காலி அட்டையை நம்புவதில்லை, ஒவ்வொரு வீட்டிலும் கால் மணி நேரம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறேன். அதை எழுத என் ரிஜிஸ்டரில் கட்டம் இல்லாததால், முன்பைவிட வேலையில் மந்தமாகிவிட்டேன் என்று மேலிடத்தில் பேச்சு.