ஈசானி மூலையில் கரியும் உப்பும்

எங்கள் வீட்டில் வாஷிங் மெஷினுக்கென்றே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்தது. யார் துணி போடப் போனாலும் அதை மாட்டிக்கொண்டுதான் மூடியைத் தொட வேண்டும். வந்த விருந்தாளிகளிடம்கூட என் மனைவி சொல்வாள்: "செருப்பு போட்டுக்கினு தொடுங்க, லேசா ஜிர்ருங்கும்." மெக்கானிக் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, மெஷினில் குறையில்லை, வீட்டு ஒயரிங்கைப் பாருங்கள் என்றார். பழைய வீடு, இப்படித்தான் இருக்கும் என்று இரண்டு வருஷம் ஓட்டினேன். இத்தனைக்கும் நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவன். புவித்தொடுப்புக் கம்பியைக் கரும்பலகையில் பச்சைச் சாக்பீஸால் வரைந்து காட்டியவன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு என்னைவிட நல்ல உதாரணம் கள்ளக்குறிச்சியில் கிடைக்காது.

வீடு அப்பா கட்டியது. சின்னசேலம் போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது. அதைக் கட்டும்போது எனக்குக் கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் வேலை. சனி ஞாயிறு இறங்கி வந்து, சுவர் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவதோடு சரி. கூடவே நின்று, கொத்தனாரோடும் ஒயர்மேனோடும் மல்லுக்கட்டியவன் என் தம்பி. அப்பா காலமான பிறகு வீடு எனக்கு, களமருதூர் நிலம் அவனுக்கு என்று பிரித்துக்கொண்டோம். அதில் அவனுக்குக் கொஞ்சம் மனக்கசப்பு, எனக்கும்தான். ஆனாலும் நாலு தெரு தள்ளி இருந்தவன் வாரம் தவறாமல் வருவான். வெயில் காலமென்றால், வந்ததும் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துப் போய் ஈசானி மூலையில் ஊற்றிவிட்டுத்தான் உட்காருவான். அங்கே ஒரு செம்பருத்தி நின்றது. அதற்கு ஊற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து வருஷத்துக்கு முன் சுற்றுச்சுவர் சாய்ந்தது. புதிதாக எழுப்ப அந்த மூலையில் பள்ளம் எடுத்தோம். வெட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று கடப்பாரையைப் போட்டுவிட்டு மேலே ஏறினார். எட்டிப் பார்த்தேன். உள்ளே அடுப்புக்கரி, கூடைக் கணக்கில். அதன் இடையிடையே வெள்ளையாகப் பூத்துப்போன உப்பு. நடுவில் துருப்பிடித்த ஒரு குழாய், அதன் கழுத்தில் சுற்றி முறுக்கிய கம்பி.

"யாரோ வெச்சிகீறாங்க சார். நான் கை வெக்க மாட்டேன்," என்றார்.

அந்த வருஷம் மகனுக்குப் பார்த்த வரன் மூன்று தட்டிப் போயிருந்தது. எனக்கு முழங்கால் வீங்கி ஒரு மாதம் படுக்கை. மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். குறி சொல்கிற ஒருவரைத் தேடிப் போனேன். "ரத்த சம்பந்தம்" என்றார்; யாரிடமும் காரணத்தை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சொன்னால் மறுபடி பிடித்துக்கொள்ளும் என்றும் சொன்னார். மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டேன். அந்த மூலையில் வந்து வந்து தண்ணீர் ஊற்றுகிறவன் யார்? செம்பருத்திக்குத்தான் ஊற்றுகிறேன் என்று அவன் ஒரு நாளாவது சொன்னானா?

"அவரு வந்தா ஒரு வார்த்த கேட்டுடலாங்க," என்றாள் மனைவி.

"கேட்டா ஒத்துக்குவானா?" என்று அவள் வாயை அடைத்தேன்.

கம்பியை நானே வெட்டிவிட்டு, கரி, உப்பு, குழாய் எல்லாவற்றையும் சிவப்புத் துணியில் மூட்டை கட்டி, கோமுகி ஆற்றில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். மூலையைச் சிமெண்ட் போட்டு மூடினோம். அடுத்த வாரம் தம்பி வந்து, வழக்கம்போல வாளியைத் தூக்கினான். "வாளியக் கீழ வெய்யி. இனிமே இந்த கேட்டத் தாண்டாத," என்றேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தண்ணீர் சிந்தாமல் வாளியை வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வரவில்லை.

போன ஐப்பசியில் ஒரு பகல். திடீரென்று மழை பிடித்தது. கொடியில் கிடந்த துணியை வாரிக்கொண்டு ஓடிவந்த மனைவி, அவசரத்தில் செருப்பை மறந்துவிட்டாள். ஈரத் தரையில் வெறுங்காலோடு மெஷின் மூடியில் கை வைத்தாள். அவள் சத்தம் போடவில்லை. நான் கூடத்திலிருந்து அவள் முதுகைத்தான் பார்த்தேன். ஏதோ கனமானதைத் தூக்கத் திணறுகிறாள் என்று நினைத்தேன். முதுகு உதறுவது நிற்கவில்லை என்றதும்தான் ஓடிப்போய் மெயினை இறக்கினேன். அவள் துணிமேலேயே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து, இருதயத்துக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். வலது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை.

மறுநாள் கடைத்தெருவில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் பாயைக் கூட்டிவந்தேன். ஒரு பல்பில் இரண்டு ஒயரை மாட்டிக்கொண்டு, ஒன்றை பிளக் பாயிண்டின் கரண்ட் ஓட்டையிலும் இன்னொன்றை மூன்றாவது பெரிய ஓட்டையிலும் விட்டார். பல்பு எரியவில்லை. அறை அறையாகப் பார்த்தார். எங்கேயும் எரியவில்லை. கடைசியில் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"லீக்கு மோட்டார்ல கீது சார். அடிச்சது மெஷின்ல. எர்த் ஒயரெல்லாம் உள்ள ஒண்ணோட ஒண்ணு சேந்துகீது, ஆனா மண்ணுக்குப் போற வழியே இல்ல. அதான் எல்லாத்துலயும் சுத்திக்கினு இருந்துகீது. எர்த் குழி எங்க சார்?"

தெரியாது என்றேன். அவர் மெயின் போர்டிலிருந்து ஒரு செப்புக் கம்பியைச் சுவரோரமாகவே தொடர்ந்து போனார். அது ஈசானி மூலைக்குப் போய், சிமெண்டுக்கு மேலே வெட்டுப்பட்டு நின்றது.

"இங்கதான் இருந்திருக்கணும். கரி, உப்பு கொட்டி, நடுவுல பைப்பு எறக்கி, அதுல கம்பிய முறுக்கியிருப்பாங்க. வெயில் காலத்துல காயாம யாராச்சும் தண்ணி ஊத்திக்கினு இருந்திருப்பாங்களே?"

"இருந்தாங்க," என்றேன்.

புதுக் குழி வெட்டினோம். ஃபியூஸ் கட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டு, லீக் இருந்தால் தானே விழுந்துவிடும் டிரிப்பரும் போட்டார் பாய். கரியும் கல் உப்பும் வந்து இறங்கியபோது, கையில் கட்டோடு மனைவி வந்து பார்த்தாள்.

"இதானா?"

"இதான்."

அவள் உள்ளே போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: கரி, குறி, ஆறு, ஷாக்.

"அண்ணிக்குக் கை எப்டி கீது?" என்றுதான் முதலில் கேட்டான். சொன்னேன்.

"குழி கீறது ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன். அப்பா சொல்லியிருப்பாருன்னு," என்றான். "நெலத்துக்காகத்தான் என்ன வெரட்டுனன்னு இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தேண்ணா. அத தாங்கிக்குவேன். ஒன் வூட்ட அழிக்க நான் கரி பொதச்சேன்னு நம்புனியே, இத நான் எங்க கொண்டும்போய் வெக்கிறது?"

மறுநாள் அவன் மனைவியோடு வந்து அண்ணியைப் பார்ப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் மனைவி மட்டும் வந்தாள்.

இப்போது வெயில் ஏறிவிட்டது. வாரத்துக்கு ஒரு வாளி நானே ஊற்றுகிறேன். முதல் நாள் ஊற்றும்போது எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தார்.

"இன்னா சார், செடிகூட இல்ல, அங்க போயி தண்ணி ஊத்திக்கினு கீறீங்க?"

எர்த் குழிக்கு என்றேன். அப்படியா என்று போய்விட்டார். வாளியோடு அங்கேயே நின்றேன். முன்பின் பழக்கமில்லாத மனுஷன், அவருக்குக் கேட்கத் தோன்றியது.