மேல் டிவிஷனுக்கு ஏறிய கல்யாணக் கார்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நோர்வூட்டில் எங்கள் ஹயர் ஸ்டாண்டுக்குப் புதிதாக வண்டி ஓட்ட வந்திருக்கும் பையன்களுக்காக ஆளுக்கொரு அனுபவம் எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்டு இரண்டு மாதமாகிறது. என்னுடைய ஓ.எல். பரீட்சை ரிசல்ட்டைப் பார்த்தவர் யாரும் என்னிடம் பேனாவைக் கொடுக்க மாட்டார்கள். இன்னொரு காரணமும் உண்டு. மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததை வாசித்தேன். ஒருவர்கூட ஒரு தப்பும் செய்யவில்லை. எல்லாரும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே பிறந்தவர்கள். சரி, ஒருத்தனாவது மடத்தனத்தை எழுதட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

1. நாய்க்குட்டி மாதிரி கேட்டார்

எனக்கு ஒரு வேன் இருக்கிறது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பகலில் கிடைக்கிற ஹயர். சோறு போடுவது அதுதான். ஆனால் கல்யாணம் என்று வேனைப் பேச வருகிறவர்கள், பொண்ணு மாப்பிள்ளைக்கு மட்டும் ஹட்டனில் வேறு யாரிடமாவது கார் பிடிப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல். நாமே ஒரு கார் வைத்திருந்தால் என்ன? மாதத்தில் இரண்டு கல்யாணம் ஓடினால் போதும், மிச்ச நாளெல்லாம் தார்ப்பாய்க்குக் கீழே தூங்கட்டும் என்று நினைத்தேன்.

கண்டியில் ஒன்று விலைக்கு இருந்தது. ஜெர்மன்காரன் செய்த பெரிய கார். கறுப்பு. தோல் சீட்டு, டாஷ்போர்டில் மரப் பட்டை. என்னைவிட ஒரு வயதுதான் இளையது. புதிதாக இருந்த காலத்தில் அதன் விலைக்குப் பத்து வீட்டு லயம் ஒன்றையே வாங்கியிருக்கலாம். இப்போது நல்ல த்ரீவீலர் ஒன்றின் விலைக்கு மேலே கொஞ்சம்தான். ஏன் அவ்வளவு மலிவு என்று கேட்காதீர்கள். அது பெற்றோல் குடிப்பதைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

கூட வந்தவன் ரூபன். பக்கத்து வேன்காரன், என் சிநேகிதன், எனக்கு நல்லது நடந்தால் தூக்கம் வராதவன். வண்டிக்காரர் ஒரு வயதான சிங்களவர். கதவைத் திறந்து திறந்து காட்டினார். தம்பியைச் சிங்களத்தில் மல்லி என்பார்கள்.

"மல்லி, நாய்க்குட்டி குடுக்குறப்ப கேக்குற மாதிரிதான் கேக்குறேன். இத நல்லா பாத்துக்குவீங்களா?"

"சோறு நாங்க போடுவோம் மாத்தயா," என்றான் ரூபன். "பெற்றோல் யாரு ஊத்துறது?"

பிறகு என்னைத் தனியாக இழுத்தான். "வாங்காதடா. இது வண்டி இல்ல, சீமந்தம் செஞ்ச பொண்ணு மாதிரி எப்பப் பாத்தாலும் ஏதாச்சும் கேட்டுக்கிட்டே இருக்கும்."

தம்பிமார்களே, பழைய சொகுசுக் கார் பார்க்கப் போனால் இதையெல்லாம் செய்யுங்கள். இஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். சூடாக்கி வைத்துக் காட்டினால் சந்தேகப்படுங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்கள், ஈர நாற்றம் அடித்தால் தண்ணீர் எங்கோ இறங்குகிறது. ஏற்றத்தில் ஓட்டி கியர் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். பளபளப்பைப் பார்க்காதீர்கள், அது மெழுகு.

இத்தனையும் நான் செய்தேன். ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. கண்டியில் தார் ரோட்டில் நின்ற வண்டிக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

2. "வரும்" என்று சொன்னேன்

வண்டி வந்து மூன்றாம் வாரம் முத்தையா அய்யா ஸ்டாண்டுக்கு வந்தார். தோட்டத்து மேல் டிவிஷனில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஒற்றை மகள் தமிழ்ச்செல்வி. மாப்பிள்ளை வீடு லிந்துலை, கல்யாணமும் அங்கே கோயிலில்தான்.

அவர் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். தொடவில்லை.

"தம்பி, இது எங்க லயத்து வாசலுக்கு வருமா?"

"எதுக்குங்கய்யா வாசலு? பொண்ண கீழ தார் ரோட்டுக்குக் கூட்டிட்டு வந்துருங்க."

"அது இல்ல தம்பி. நிச்சயத்தன்னைக்கு மாப்பிள்ளையோட மாமா கேட்டாரு, 'ஒங்க மேல் லயத்துக்கு லொறிதான ஏறும், நாங்க டிராக்டர் அனுப்பட்டுமா'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. புள்ள உள்ள நின்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. நானும் வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்காம, 'எம்புள்ள எங்க லயத்துக் காம்பரா வாசல்ல கார்ல ஏறித்தான் வரும்'னு சொல்லிட்டேன்."

மேல் டிவிஷன் ரோடு எனக்குத் தெரியும். வேன் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறது. இரண்டு கிலோமீட்டர், முழுக்கக் கருங்கல். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு யோசிக்க முடியவில்லை.

"வரும்ங்கய்யா," என்றேன்.

அவர் போன பிறகு ரூபன் கேட்டான், "வரும்னியே, எது வரும்? வண்டியா, வண்டியோட சம்பா?"

சம்ப் என்பது இஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் பாத்திரம். அது கல்லில் பட்டு உடைந்தால் ஒயில் முழுக்கக் கீழே. அதோடு ஓட்டினால் இஞ்சினுக்குக் கருமாதிதான். அன்றைக்குத்தான் நான் காருக்கடியில் படுத்துப் பார்த்தேன். இடம் கொஞ்சமாகத்தான் இருந்தது. அளக்க ஒன்றும் அகப்படவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு மீன் டின் வாங்கி நிமிர்த்தி உள்ளே தள்ளினேன். உரசாமல் போய் வந்தது, அவ்வளவுதான்.

அடுத்த நாள் மலைக்குப் போய் முத்தையா அய்யாவிடம் அந்த டின்னைக் கொடுத்தேன். "அய்யா, இதுக்கு மேல நிக்கிற கல்லு எதுவும் ரோட்டுல இருக்கக் கூடாது. இருந்தா கார் வராது."

உண்மையைச் சொல்கிறேன். அவர் முடியாது என்று சொல்லிவிடுவார், நானும் தப்பித்துவிடலாம் என்றுதான் சொன்னேன்.

அவர் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மீன எடுத்துட்டு அளக்கலாமா தம்பி, இல்ல மீனோடதான் அளக்கணுமா?"

3. ரோடு

மலையில் வேலை விட்டதும் அவர் இறங்கிவிடுவார். கையில் சுத்தியல், தோளில் அலவாங்குக் கம்பி, மடியில் டின். ஒவ்வொரு கல்லுக்குப் பக்கத்திலும் டின்னை வைப்பார், தலையைச் சாய்த்துப் பார்ப்பார். கல் உயரமென்றால் உடைப்பார், உடையாததை அலவாங்கால் நெம்பி ஓரத்தில் தள்ளுவார். உடைத்த துண்டைப் பள்ளத்தில் போட்டு மிதிப்பார். பிறகு அடுத்த கல்.

நான் சாயங்கால ஹயரில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்ப்பேன். முதல் நாள் தனியாக இருந்தார். மூன்றாம் நாள் அவர் பெண்சாதி தேயிலைச் சாக்கில் மண் சுமந்தார். ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்கள் பத்துப் பேர் நின்றார்கள். கேலி ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது.

"முத்தையா, டின்ன இங்கிட்டு வை. எம்மாமியார் மண்டைய அளந்து பாப்போம்."

"அது டின்னுக்கு அடங்காது, பீப்பா கொண்டா!"

அவர் சிரிக்க மாட்டார். அடுத்த கல்லுக்குப் போய்விடுவார். பத்தாவது நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். விரல் நான்கில் பிளாஸ்டர். "முடிஞ்சிருச்சு தம்பி. ஒரு கல்லு விடல."

4. உரசின சத்தம்

கல்யாணத்தன்று காலை ஆறரைக்கு ஏறினேன். மிஸ்ட் இறங்கியிருந்தது. வண்டியில் நான் மட்டும். இரண்டு கிலோமீட்டரும் ஒரு உரசல் இல்லை. லயத்து வாசலில் போய் நிறுத்தினபோது ஆட்கள் கை தட்டினார்கள். வண்டிக்கா, ரோட்டுக்கா தெரியவில்லை. பின்னாலேயே ரூபன் சொந்தக்காரர்களை ஏற்ற வேனோடு வந்து நின்றான்.

செல்வி பட்டுச் சேலையோடு காம்பராவிலிருந்து வந்து காரில் ஏறினாள். முத்தையா அய்யா சொன்னது நடந்துவிட்டது. பின் சீட்டில் அவள், அம்மா, தோழிப் பிள்ளை. முன்னால் அய்யா. வெள்ளை வேட்டி, புதுச் சட்டை.

முதல் வளைவு தாண்டவில்லை. அடியில் கர்ரென்று ஒரு சத்தம். என் பல்லில் உரசினது மாதிரி இருந்தது.

நிறுத்தினேன். நான் இறங்குவதற்குள் அய்யா இறங்கி, அந்த வெள்ளை வேட்டியோடு சேற்றில் முழங்காலை ஊன்றி, காருக்கடியில் கையை விட்டுத் தடவினார்.

"இந்தக் கல்லப் பாத்தனே தம்பி. இத நான் பாத்தனே. எப்புடி விட்டேன்?" மறுபடி தடவினார். "காருக்கு ஏதாச்சும் ஆயிருச்சா? நான் எப்புடி விட்டேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆள் இல்லாத வண்டிக்குக் கீழே நான் டின்னை விட்டு அளந்திருக்கிறேன். ஐந்து பேர் ஏறினால் பழைய ஸ்பிரிங் எவ்வளவு இறங்கும் என்று நினைக்கவே இல்லை. நான் சொன்ன அளவுக்கு அவர் ஒரு கல்லைக்கூட விடவில்லை. அளவுதான் தப்பு.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் வாழ்நாள் முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டிருப்பார்.

"எந்திரிங்கய்யா," என்றேன். "நீங்க ஒண்ணும் விடல. நான்தான் ஆள ஏத்தாம அளந்துட்டேன். தப்பு எம்மேல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்ப கல்லு சரியா?" என்றார்.

"கல்லு சரிங்கய்யா."

"சரி" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

படுத்துப் பார்த்தேன். சம்ப் தப்பியிருந்தது, சைலன்சர்தான் தேய்ந்திருந்தது. ரூபன் வேனிலிருந்து தலையை நீட்டினான். "எல்லாரையும் இதுல ஏத்துடா. முகூர்த்தம் காத்துக்கிட்டு இருக்காது."

"மத்தவங்க வேன்ல போங்க," என்றார் அய்யா. "செல்வி மட்டும் கார்ல இருக்கட்டும். ஒரு ஆளுன்னா தாங்கும்ல தம்பி? நான் முன்னாடி கல்லப் பாத்துக்கிட்டே நடக்குறேன்."

பின் கதவு திறந்தது. செல்வி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"நீ எறங்கக் கூடாது," என்றார் அய்யா.

"வாசல்ல ஏறிட்டேன்ல அப்பா? சொன்ன சொல்லு முடிஞ்சிருச்சு. நீங்க நடந்து நான் உக்காந்து வர முடியாது. இந்த ரோட்ட நானும் பாக்கணும்."

மகள் கையை அவர் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் முன்னால் நடந்தார்கள். நான் லைட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் ஊர்ந்தேன். என் சர்வீஸில் இப்படி ஒரு ஹயர் ஓட்டியதில்லை. பொண்ணு நடக்கிறாள், கார் சும்மா வருகிறது. வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற பொம்பளைகள் கூடையோடு ஓரத்தில் நின்று பார்த்தார்கள்.

"ஏன்டி செல்வி, கார் ஒனக்கா, நீ காருக்கா?"

"காருக்குக் கால் வலிக்குதாம் அக்கா, நாங்க தொணைக்கு வர்றோம்!"

5. மேளம் நின்றது

தார் ரோட்டுக்கு வந்ததும் அய்யாதான் மகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். அம்மாவும் தோழியும் வேனிலிருந்து மாறி ஏறினார்கள். தார் ரோட்டில் எத்தனை பேர் என்றாலும் பயமில்லை. அய்யா மட்டும் வெளியிலேயே நின்று, புல்லில் காலைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார்.

"ஏறுங்கய்யா, கழுவிக்கலாம்."

பஸ் சீட்டில் மாதிரி நுனியில் உட்கார்ந்தார். வேட்டி முழங்காலில் ஈரம், குளிரில் தாடை ஆடியது. இந்த வண்டியில் எல்லா சுவிட்சும் வேலை செய்யும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் முன் சீட்டுக்குள் சூடாக்குகிற கம்பி ஒன்று இருக்கிறது, அது செய்யும். தட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் துள்ளினார்.

"தம்பி, சீட்டு சுடுது! இஞ்சின்ல நெருப்புப் பத்திக்கிச்சா?"

"இல்லீங்கய்யா. ஒங்களுக்குன்னு மூட்டுன அடுப்பு. சாஞ்சி உக்காருங்க."

சாய்ந்தார். ஹட்டன் தாண்டும்போது தலை ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பத்து நாள் விட்ட தூக்கம். லிந்துலை வரைக்கும் ஒவ்வொரு வளைவையும் முட்டைக் கூடையைச் சுமக்கிறவன் மாதிரி எடுத்தேன்.

கோயில் வாசலில் நாதஸ்வரமும் தவிலும் முழங்கின. அவர் அசையவில்லை. வரவேற்க முன்னால் வந்தவர் மாப்பிள்ளையின் மாமா. டிராக்டர் அனுப்பட்டுமா என்று கேட்ட அதே ஆள். கதவில் கை வைக்கப் போனார். செல்வி கண்ணாடியை இறக்கினாள்.

"மாமா, கொஞ்சம் இருங்க. முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. எங்கப்பா தூங்குறாரு."

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். சேறு காய்ந்த வேட்டியைப் பார்த்தார். மடியில் கிடந்த கையைப் பார்த்தார், பிளாஸ்டர் போட்ட விரல்களைப் பார்த்தார். "என்னாம்மா இது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கார் வர்றதுக்கு ரோடு போட்டாரு மாமா."

அவர் நிமிர்ந்தார். திரும்பி, மேளக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். நாதஸ்வரம் நின்றது, தவில் நின்றது. வாசலில் இருந்த அத்தனை பேரும் சத்தமில்லாமல் நின்றார்கள். தூறல் விழ ஆரம்பித்தது. மாமா தன் குடையை விரித்து, அய்யா இறங்க வேண்டிய கதவுப் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்.

அத்தனை சத்தத்திலும் தூங்கிய மனுஷன், சத்தம் நின்றதும் திடுக்கிட்டு எழுந்தார். "என்னா, மேளம் நின்னுருச்சு?"

"ஒங்களுக்காகத்தான் சம்பந்தி," என்றார் மாமா. "எறங்குங்க. இப்ப அடிக்கச் சொல்றேன்."

தம்பிமார்களே, செயலாளர் கடைசியில் பாடம் ஒன்று எழுதச் சொல்லியிருக்கிறார். பழைய சொகுசுக் கார் வாங்கினால், ஆட்களை ஏற்றி வைத்து அடியை அளந்து பாருங்கள். சும்மா நிற்கிற வண்டியின் அளவு யாருக்கும் உதவாது. அளவு தப்பிவிட்டால், உங்களை நம்பி வேலை செய்தவர் தன்மேல் பழியைப் போட்டுக்கொள்வதற்கு முன்னால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

இதை எழுதி முடித்து ரூபனுக்குப் போனில் அனுப்பி, சரியா இருக்காடா என்று கேட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது:

"தை மாசம் என் தங்கச்சி கல்யாணத்துக்கு அந்தக் காரையே கொண்டா, எங்கப்பாவ முன் சீட்டுல உக்கார வை."