பின்னால் நடந்து வாங்கிய வேலை

பானுப்பிரியா உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் நியாயமாக நான் உட்கார்ந்திருக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்று பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம்.

நான்கு வருடங்களுக்கு முன், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் எங்கள் மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவுக்குத் தலைமை தாங்க ஆள் தேடினார்கள். கடைசிச் சுற்றில் இரண்டே பேர், நானும் பானுவும்.

பானுவுக்கு வேப்பம்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். கூலிக்காரக் குடும்பம். பத்து வயதிலேயே அம்மாவோடு நாற்று நடச் சேற்றில் இறங்கியவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு கல்லூரிக்கு வழியில்லாமல் இரண்டு வருடம் முழுநேரமும் அதே வேலை. அப்புறம்தான் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்தது. அந்த இரண்டு வருடத்துக்கு விண்ணப்பத்தில் "கம்ப்யூட்டர் பயிற்சி" என்று எழுதி வைத்திருந்தார். உண்மையை எழுதினால் மட்டமாக நினைப்பார்கள், வேலை கிடைக்காது என்ற பயம்.

தேர்வு செய்தவர் எலும்பு மருத்துவர் கிருஷ்ணப்பிரியா. அவர் முகத்தில் சிரிப்பை ஸ்கேன் எடுத்தாலும் பார்க்க முடியாது. நேரமில்லை என்று எங்கள் இருவரையும் ஒன்றாகவே உட்கார வைத்தார்.

"ரெண்டு வருஷம் கம்ப்யூட்டரா? இந்த பேஷன்ட் லிஸ்ட்டை வயசு வாரியா அடுக்கிக் காட்டுங்க" என்று மடிக்கணினியைப் பானு பக்கம் திருப்பினார்.

பானு ஏதோ ஒன்றைத் தட்டினார். பட்டியல் காணாமல் போனது. இன்னொன்றைத் தட்டினார். மூலையில் இருந்த பிரிண்டர் உயிர் பெற்று வெள்ளைத் தாளாகத் துப்ப ஆரம்பித்தது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்தது செய்முறை. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த ரவிச்சந்திரன், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு நாளாகக் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். அவரை வராந்தாவின் கடைசி வரை நடக்க வைக்க வேண்டும்.

முதலில் நான் போனேன். தொடைத் தசை பற்றிப் பத்து நிமிடம் விளக்கினேன்.

"முடிச்சிட்டியா நைனா? கெளம்பு" என்றார்.

பானு எதுவும் விளக்கவில்லை. அவரைத் தூக்கி நிறுத்தி, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, எதிரே நின்றபடியே பின்னால் நடக்க ஆரம்பித்தார்.

"திரும்பிப் பாரும்மா, உழுந்துடப் போற!"

"உழ மாட்டேன் அண்ணாத்தே. நீங்க வாங்க."

"ஏய், பின்னால பக்கெட்டு கீது! லெஃப்ட்ல ஒதுங்கு! அந்த ட்ராலிய எவன்டா அங்க வுட்டது?"

பானு ஒரு முறைகூடத் திரும்பவில்லை. குதிகாலால் தரையைத் தடவித் தடவிப் போய்க்கொண்டே இருந்தார். நான்கு நாளாக அதட்ட ஆள் கிடைக்காமல் வாடிப்போயிருந்த மனிதர், அதட்டிக்கொண்டே வராந்தாவின் கடைசிக்கு வந்துவிட்டார். முழங்கால் ஞாபகமே அவருக்கு இல்லை.

"பின்னால பார்க்காம எப்படி நடந்தீங்க? எங்க ட்ரெயினிங்?" என்றார் டாக்டர்.

ஏதாவது ஒரு கல்லூரிப் பெயரைச் சொல்லியிருந்தால் போதும். பானு தன் பாதத்தைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்னு எழுதினது பொய், மேடம். நாத்து நட்டுக்கினு இருந்தேன். நட்டதை மிதிக்கக் கூடாதுன்னு பின்னாலயே தான் போவணும். பத்து வருசம் அப்படித்தான் நடந்தேன்." சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

"பொய்னு பிரிண்டரே சொல்லிடுச்சு" என்ற டாக்டர், விண்ணப்பத்தை நீட்டினார். "அதை அடிச்சிட்டு, அனுபவம்னு இருக்கிற கட்டத்துல இதை எழுதுங்க."

எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. என் விண்ணப்பத்தில் ஒரு வருட அனுபவத்தை மூன்று வருடம் என்று எழுதியிருந்தேன். நான் வாயைத் திறக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து இன்னொரு இடம் காலியானபோது பானுதான் என்னைக் கூப்பிட்டார். நான் சேர்ந்த முதல் வாரமே அவருடைய அம்மா வேம்புலியம்மாள் முழங்கால் வலியோடு வந்தார். நான் கம்ப்யூட்டரில் விவரம் பதிந்தேன். அதுவும் இப்போது என் வேலைதான்.

"என்ன தொழில் பண்ணீங்கம்மா?"

கிழவி மகளின் வெள்ளைக் கோட்டை ஒரு முறை பார்த்தார். "தொழிலு இன்னா தொழிலு... ஊட்ல சும்மாதான் கீறேன்."

"நாத்து நடுறவங்கன்னு போடுங்க, ஜெகதீஷ்" என்றார் பானு, வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி.

அம்மா கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"அப்ப நாப்பது வருசம்னு சேத்துப் போடு நைனா. அவளுக்குப் பத்து வருசத்துக்கே வேல குடுத்தாங்களாமே."