நூற்றிருபத்தேழுக்கு அப்பால்

'டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யலாமா?' என்று கேட்கும் சின்னப் பெட்டி திரையில் வந்து நின்றது. "ஒண்ணும் அமத்த வாணாம் புள்ள. அப்படியே ஓஃப் பண்ணுங்க" என்றார் ஸ்டூடியோ நானா. அவர் குரலை அவ்வளவு பதற்றமாக நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவில் அவருடைய ஸ்டூடியோவில் கம்பியூட்டர் வேலை எனக்கு. அடையாள அட்டைப் படம், கல்யாணம், சடங்கு, செத்துப்போனவரின் சின்னப் படத்துக்குக் கோட் மாட்டிப் பெரிதாக்குவது, எல்லாம் அந்த ஒரே பழைய கம்பியூட்டரில்தான். அங்கிருந்த பிரிண்டர் புதிய கம்பியூட்டர் எதனோடும் ஒத்துப்போகாததால் நானா அதை மாற்றவில்லை. வைரஸ் புகுந்து படுத்துவிட்டபோது, தெரிந்த டெக்னீஷியன் ஒருவர் வந்து விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து, படங்களெல்லாம் இருந்த இரண்டாவது டிரைவ் திறக்கவில்லை. மொத்த டிஸ்க்குமே நூற்றிருபத்தேழு ஜிபிதான் என்றது கம்பியூட்டர். "டிஸ்க் பழசுங்க, பாதி செத்துப்போச்சு. ஃபார்மட் பண்ணுனா மிச்சத்த வெச்சு ஓட்டலாம்" என்று சொல்லிவிட்டு டெக்னீஷியன் போய்விட்டார்.

ஃபார்மட் செய்ய நாங்கள் உட்கார்ந்த அன்று காலையில்தான் அந்த மனிதர் வந்தார். நல்லதண்ணிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மண் சரிந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த ஒரு லயம் முழுக்கப் புதைந்திருந்தது. அவருடைய மகள் அதில் போய்விட்டாள். வாசலிலேயே நின்று, "நானா, எம் புள்ளைக்குச் சடங்குல எடுத்த போட்டோ இருக்குங்களா? வீட்டுல இருந்ததெல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சுங்க" என்று கேட்டார். நானா யோசிக்கவே இல்லை. "இருக்கு. எடுத்துத் தாறேன்" என்றார். அவர் போனதும்தான் ஃபார்மட்டை நிறுத்தச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. இல்லாததை இருக்கிறது என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். "இல்லண்டு சொல்ல வாய் வரல்ல புள்ள" என்றார்.

அதன் பிறகுதான் நான் கம்பியூட்டர் பெட்டியைக் கழற்றி டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தேன். இருநூற்றைம்பது என்றிருந்தது. ஒரு டிஸ்க் பழுதானால் சத்தம் போடும், இழுத்து இழுத்து ஓடும். இது அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. வைரஸ் வருவதற்கு முதல் நாள்கூடப் படங்கள் திறந்தன. இடையில் மாறியது விண்டோஸ் மட்டும். டெக்னீஷியன் விட்டுப்போயிருந்த சிடியைத் தேடி எடுத்தேன்; மிகப் பழைய பதிப்பு. அதற்கு ஓர் எல்லைக்கு மேல் எண்ணத் தெரியாது. அதற்கு அப்பாலும் டிஸ்க் இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. நிச்சயமில்லை.

மறுநாள் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு ஹட்டன் பஸ் ஏறினோம். தம் தொப்பியை எடுத்து உள்ளே பஞ்சு வைத்து, அதில் டிஸ்க்கைப் பொதிந்து, நானா மடியில் வைத்துக்கொண்டார். வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். ஹட்டனில் தெரிந்த கடையொன்றில் புதிய கம்பியூட்டரோடு டிஸ்க்கை இணைத்தபோது, இருநூற்றைம்பதும் சேதமில்லாமல் வந்தது. சடங்குப் படங்கள் வரிசையாக விரிந்தன. நானா திரையைப் பார்க்காமல் கடை வாசலுக்குப் போய், மழையைப் பார்த்தபடி நின்றார்.

நாங்கள் சிடிகளில் பதிந்துகொண்டு வந்த படங்களைத் தகப்பன் ஸ்டூடியோவுக்கு வந்து பார்த்தார். அலங்கரித்த நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்த படத்தில் வெகுநேரம் நின்ற அவர் கண்கள் மெல்ல அவளுக்குப் பின்னால் போயின. "இது எங்க பக்கத்துக் காம்பிரா கெழவிங்க. அந்தா, கங்காணியாரு மகன். இவங்களும் இப்ப இல்லீங்க." அப்போதுதான் எங்களுக்கும் விளங்கியது. சடங்குக்கு லயமே திரண்டு வந்திருந்தது. அந்தப் படங்களின் ஓரங்களிலும் கதவு மறைவுகளிலும் அத்தனை பேரும் இருந்தார்கள்.

செய்தி தோட்டத்துக்குப் போயிற்று. அதன் பின் ஒவ்வொருவராக வந்தார்கள். கூட்டத்தில் தம் ஆளைத் தேடி விரலால் தொட்டார்கள். நான் அந்த முகத்தை வெட்டி எடுத்துப் பெரிதாக்கினேன். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, ஒரு நாளைக்கு நூறு படம் எடுக்கிறோம். எங்கள் ஸ்டூடியோவில் ஒரு முகம் கிடைத்தபோது எழுந்த அழுகையை நான் அதற்குப் பிறகு எங்கும் கேட்கவில்லை.

கடைசியாக வந்தவள் ஓர் இளம் பெண். எல்லாப் படங்களையும் பார்த்தாள். புருஷன் எதிலும் இல்லை. நான் மவுசை விடப்போகும்போது, "கொஞ்சம் இருங்கக்கா" என்றாள். சீர்த்தட்டு ஒன்றைத் தாங்கிய கையும், பாதித் தோளும், கட்டம் போட்ட சட்டையும் படத்தின் விளிம்பில் தெரிந்தன. முகம் வெளியே போயிருந்தது. "அவருதாங்க. அந்தச் சட்டக் கைய நாந்தான் பிரிச்சுத் தச்சேன்."

நான் நானாவைப் பார்த்தேன். முகமில்லாத படத்துக்கு எப்படிச் சட்டம் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மற்றவர்களுக்குப் போட்ட அதே அளவில் அச்செடுக்கச் சொன்னார், அதே சட்டத்தைத் தாமே மாட்டினார், கண்ணாடியைத் தம் சாரன் நுனியால் துடைத்துக் கொடுத்தார். வெளியே மழை விடவில்லை. அவள் குடையைப் படத்துக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடியே பஸ்ஸுக்கு நடந்தாள்.